பருவம் தப்பும் ஊரில் பட்டாம்பூச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டாம்பூச்சி, தேனீ, அந்துப்பூச்சி, வண்டு, ஈ என்று பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும் பூச்சிகளைப் பருவநிலை மாற்றம் என்ன செய்கிறது என்ற கேள்வி பள்ளிக்கூடங்களிலும் விவசாயிகள் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை பனி உருகி வசந்தம் வரும் நாடுகளை வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர்ப் பூச்சிகளுக்குக் கடிகாரம் மழைதான். அதனால் இங்கே தமிழ்நாட்டையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் முன்னால் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டு ஆய்வுகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

பட்டாம்பூச்சிக்கு வெயில் பிடிக்குமே, சூடு கூடினால் நல்லதுதானே?

வெயில் வேண்டும் என்பது உண்மை. பட்டாம்பூச்சியால் நம்மைப் போல உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. பல இனங்களுக்கு மார்புத் தசை ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் பறக்கவே முடியும். காலை ஏழு, எட்டு மணிக்கு வேலியோரம் போய்ப் பாருங்கள். இறக்கையை முழுதாக விரித்து, முதுகை வெயிலுக்குக் காட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும். உச்சிவேளையில் அதே பூச்சி இறக்கையை மூடிக்கொண்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொண்டு, இலைக்கு அடியில் போய்விடும்.

சிக்கல் அந்த உச்சிவேளையில்தான். குளிர்நாட்டுப் பூச்சிக்கு இரண்டு டிகிரி கூடினால் பறக்கும் நேரம் கூடலாம். வெப்பமண்டலப் பூச்சி ஏற்கெனவே தனக்கு ஒத்துவரும் சூட்டின் மேல் எல்லைக்குப் பக்கத்தில் வாழ்கிறது. சூடு ஏறும் அளவு துருவப் பக்கம்தான் அதிகம் என்றாலும், உயிர்வாழ்வுக்கான ஆபத்து வெப்பமண்டலப் பூச்சிகளுக்கே அதிகம் என்று 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் கோடையில் ஒரு பூச்சி தேன் குடிக்கவும் துணை தேடவும் முட்டையிடவும் கிடைக்கும் மணிநேரங்களை அது வெட்டிவிடுகிறது. பறக்கத் தெரிந்த பூச்சியாவது நிழலுக்குப் போகும். முட்டைக்கும் கூட்டுப்புழுவுக்கும் அந்த வழியும் இல்லை.

மழை தள்ளிப்போனால் பட்டாம்பூச்சிக்கு என்ன?

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மழை பெய்தால் கொழுந்து வரும். கொழுந்து வந்தால்தான் பட்டாம்பூச்சி முட்டையிடும், ஏனென்றால் முட்டையிலிருந்து வரும் சின்னப் புழுவால் முற்றிய இலையைக் கடிக்க முடியாது. மழை மூன்று வாரம் தள்ளிப்போனால் முட்டையும் மூன்று வாரம் தள்ளிப்போகும். முதல் மழை பெய்து, கொழுந்து வந்து, முட்டையும் இட்டபின் ஒரு மாதம் மழையே இல்லாமல் போவது அதைவிட மோசம். இலை காய்ந்து, புழு பாதி வளர்ச்சியில் செத்துப்போகும். ஒரேயடியாகக் கொட்டும் மழையும் கெடுதல்தான். முட்டையும் இளம்புழுவும் இலையோடு அடித்துக்கொண்டு போகும், பூவில் மகரந்தமும் தேனும் கரைந்துவிடும். 2015-இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. சில வாரங்களே வாழும் ஒரு பூச்சிக்கு இப்படி அடுத்தடுத்து வரும் இரண்டு ஆண்டுகள் எத்தனை தலைமுறைகளைக் குலைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மழையின் நேரத்தோடு பட்டாம்பூச்சி எவ்வளவு பின்னிக்கிடக்கிறது என்பதற்குக் கோவை, நீலகிரிப் பக்கம் ஆண்டுதோறும் நடக்கும் வலசையே சாட்சி. கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலிய இனங்கள் தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்குவதற்கு முன், ஏப்ரல் முதல் ஜூன் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இறங்கி வருகின்றன. அப்புறம் வடகிழக்குப் பருவமழைக்கு முன், பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில், மறுபடி மேற்கே போகின்றன. ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே திசையில், சாலையையும் வீடுகளையும் கடந்து, தரையிலிருந்து சில அடி உயரத்தில் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். வழியில் கிலுகிலுப்பைச் செடி இருந்தால் ஆண் பூச்சிகள் அதில் அப்பிக்கொள்ளும். பூவை விட்டுவிட்டுக் காய்ந்த தண்டையும் இலையையும் காலால் சுரண்டி, கசியும் சாற்றை உறிஞ்சும். அதிலுள்ள கசப்பு வேதிப்பொருள் பறவைகளிடமிருந்து காப்பாற்றும், பெண் பூச்சியைக் கவரும் வாசனையாகவும் மாறும்.

2020-இல் மேற்கு நோக்கிய வலசை ஜூலை மாதமே தொடங்கிவிட்டதைப் பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் பதிவு செய்தார்கள். மழை பெய்யும் முறை மாறியதே காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். ஒரு வருடத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது, சரி. ஆனால் மூன்று மாதம் முந்திப் போய்ச் சேரும் பூச்சிக்கு அங்கே கொழுந்தும் பூவும் காத்திருக்குமா என்பது நியாயமான கவலை.

சூடு கூடினால் பட்டாம்பூச்சியின் நிறமும் உருவமும் மாறுமா?

சில இனங்களில் மாறும். நெல்வயல் ஓரத்தில் பொழுது சாயும்போது தாழ்வாகப் பறக்கும் பழுப்பு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. காமன் ஈவினிங் பிரவுன் என்பது அதன் பெயர். மழைக்காலத்தில் பிறப்பதற்கு இறக்கையின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் கண் போன்ற புள்ளிகள் இருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பதற்குப் புள்ளிகள் மங்கி, காய்ந்த சருகு மாதிரியே இருக்கும். சருகுக்குள் உட்கார்ந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. இந்த வகைப் பூச்சிகளில் எந்த உடுப்பைப் போட்டுக்கொள்வது என்பதை, புழுப் பருவத்தில் படும் வெப்பநிலைதான் பெருமளவு தீர்மானிக்கிறது. இத்தனை காலமாக வெப்பமும் மழையும் ஒரு ஒழுங்கில் சேர்ந்து வந்ததால் இந்தக் கணக்கு பலித்தது. வெப்பம் ஒரு பக்கமும் மழை ஒரு பக்கமும் போனால், பச்சைப் புல்லில் சருகு நிறத்தில் ஒரு பூச்சி மாட்டிக்கொள்ளும். பறவைக்கு அது லேசான வேட்டை.

கீழே சூடானால் மலைமேல் ஏறிவிடாதா?

ஏறும், வழி இருந்தால். ஐரோப்பாவில் வலசை போகாத 35 பட்டாம்பூச்சி இனங்களைப் பார்த்த 1999-ஆம் ஆண்டு ஆய்வில், 63 சதவீத இனங்களின் வாழிட எல்லை அந்த நூற்றாண்டில் 35 முதல் 240 கிலோமீட்டர் வரை வடக்கே நகர்ந்திருந்தது. தெற்கே போனவை 3 சதவீதம்தான். ஆனால் எல்லாப் பூச்சிகளும் இப்படி நகர்வதில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பம்பிள் தேனீக்களின் தென் எல்லை 300 கிலோமீட்டர் வரை சுருங்கிவிட்டது, வட எல்லை மட்டும் விரியவே இல்லை என்று 2015-இல் தெரியவந்தது. ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் விரியாவிட்டால் இடம் குறையத்தானே செய்யும்.

இனி நீலகிரிக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 330-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் உண்டு. அவற்றில் நீல்கிரி கிளவுடட் யெல்லோ, நீல்கிரி ஃபிரிட்டிலரி போன்றவை உயரமான சோலைப் புல்வெளிகளை நம்பி வாழ்பவை. உலகில் வேறெங்கும் இல்லாதவை. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்கு மேல் வானம்தான். ஆனைமுடிப் பக்கத்துப் பூச்சி குளிர் தேடி வடக்கே போகலாம் என்றால் நடுவில் பாலக்காட்டுக் கணவாயும் சமவெளியும் வெக்கையும். எஞ்சிய புல்வெளிகளிலும் வெளிநாட்டு வாட்டில் மரமும் பைனும் தைலமரமும் ஏறி நிற்கின்றன. அந்த மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையை நான் பட்டாம்பூச்சிக்கான பருவநிலைப் பாதுகாப்பாகவே பார்க்கிறேன். நம் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனும் மலைக்காட்டுப் பூச்சிதான். 2019-இல் அதற்கு அந்தப் பெருமையைக் கொடுத்தோம். அது வாழும் காட்டுக்கும் அதே கவனிப்பு வேண்டும்.

மெக்சிகோவுக்குப் போகும் மொனார்க் பட்டாம்பூச்சிகள் அழிந்துகொண்டிருக்கின்றன என்பது உண்மையா?

எண்ணிக்கை பயங்கரமாகக் குறைந்திருக்கிறது. குளிர்காலத்தில் மெக்சிகோ மலைக்காட்டில் அவை மரங்களை மூடி உட்காரும் பரப்பை வைத்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். 1996–97-இல் அது 18 ஹெக்டேருக்குச் சற்று மேல். 2023–24-இல் 0.9 ஹெக்டேர். அடுத்த ஆண்டு 1.79 ஹெக்டேராகக் கொஞ்சம் தேறியது. வறட்சி, புயல், வயலில் களைக்கொல்லி அடித்து அதன் உணவுச் செடியை ஒழித்தது எல்லாம் சேர்ந்துதான் காரணம். நம் வரியன்களும் மொனார்க்கும் ஒரே குடும்பத்துப் பூச்சிகள் என்பதால் இந்தக் கதையை நாம் கவனித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பட்டாம்பூச்சி குறைந்தால் விளைச்சல் குறையுமா?

மகரந்தம் சுமப்பதில் தேனீக்குத்தான் முதலிடம். பட்டாம்பூச்சி அதற்கு அடுத்த வரிசைதான், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனாலும் சில பூக்களுக்குப் பட்டாம்பூச்சியே வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் அப்படி ஒன்று. ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வில், பட்டாம்பூச்சிகளின் இறக்கையில் ஒட்டிய மகரந்தமே இதன் அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்வது தெரிந்தது. பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். சூலகத்தண்டு அடியிலேயே செங்குத்தாக மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய இறக்கை உள்ள ஒன்று வந்து உரசினால்தான் இரண்டையும் தொடும்.

இதையே கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். அங்கே பூக்கும் காலத்தில் தினமும் காலையில் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, பூ பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். பூவின் அமைப்பு ஒரு காரணம், வேண்டிய அளவு பூச்சி வராதது இன்னொரு காரணம். ஒரு பூச்சி சும்மா செய்யும் வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் அந்தத் தோட்டங்களைப் போய்ப் பார்க்கலாம். விதை நல்ல விலைக்குப் போவதால் அங்கே கட்டுப்படியாகிறது. புடலைக்கும் பாகலுக்கும் எள்ளுக்கும் அப்படிக் கட்டுப்படியாகுமா?

உலக அளவில் முக்கிய உணவுப் பயிர்களில் முக்கால்வாசி ஏதோ ஒரு வகையில் மகரந்தம் சுமக்கும் உயிர்களால் பலன் பெறுகின்றன என்று பல்லுயிர்களுக்கான பன்னாட்டு அரசுகளின் அமைப்பு 2016-இல் கணக்கிட்டது. நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சமாளித்துக்கொள்ளும். வயிறு நிரம்ப அவை போதும். காயும் பழமும் பருப்பும் எண்ணெயும் வேண்டுமென்றால் பூச்சி வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை அதிரவைத்தால்தான் அது கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை வராது. வயிற்றில் நீலப் பட்டைகளோடு, தனியாக மண்ணில் குழி பறித்து வாழும் தேனீ ஒன்று அதைப் பிரமாதமாகச் செய்யும். கத்தரித் தோட்டத்தில் திடீரென்று சுருதி ஏறிக் கேட்கும் ரீங்காரம் அதுதான்.

தேனீக்களுக்குச் சூடு என்ன செய்யும்?

கூட்டுக்குள் குஞ்சுகள் வளரும் இடத்தைத் தேனீக்கள் 34, 35 டிகிரியிலேயே வைத்திருக்கும். வெளியே 40-ஐத் தாண்டினால் தேன் தேடும் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீர் சுமக்க ஆரம்பிக்கும். தண்ணீரைக் கூட்டுக்குள் தெளித்து, வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறும். அந்த நாட்களில் தேன் வரத்து குறையும். தண்ணீர் பக்கத்தில் இல்லையென்றால் கூட்டத்தோடு ஓடிப்போவதும் உண்டு.

உணவின் தரமும் குறைகிறது. அமெரிக்காவில் அருங்காட்சியகத்தில் காய வைத்துப் பாதுகாத்த கோல்டன்ராட் பூக்களின் மகரந்தத்தை 1842 தொடங்கி 2014 வரை வரிசையாகச் சோதித்தார்கள். காற்றில் கரியமில வாயு ஏற ஏற மகரந்தத்தின் புரதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. இலைகளிலும் இதே கதைதான். சத்து குறைவதால் புழு அதிகம் தின்ன வேண்டும், வளர அதிக நாள் ஆகும்.

கூடலூர், வயநாடு பக்கம் ரோபஸ்டா காபி வைத்திருப்பவர்களுக்குப் பூச்சிக்கும் மழைக்கும் உள்ள உறவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மழை பெய்தால் ஒரு வாரம், பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். ரோபஸ்டா தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, வேறு செடியின் மகரந்தம் வேண்டும். அந்த இரண்டு மூன்று நாளுக்குள் மலைத்தேனீக்கள் வந்து குவியும். பூ விரியும் நாளிலேயே மறுபடி மழை பிடித்துக்கொண்டால் மகரந்தமும் போச்சு, தேனீயும் வராது. மழை துண்டு துண்டாகப் பெய்து பூப்பு நாலு தவணையாக நடந்தாலும் நட்டம்தான்.

ஆலமரத்துக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம்?

ஆல், அரசு, அத்தி மூன்றின் பூக்களும் பழத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள குளவி ஒன்று பழத்தின் நுனியிலுள்ள துளை வழியாக உள்ளே நுழைந்துதான் மகரந்தம் சேர்க்கிறது. துளை அவ்வளவு குறுகல், நுழையும்போது இறக்கைகள் பிய்ந்துவிடும். பொதுவாக ஒவ்வொரு மர இனத்துக்கும் அதற்கென்றே ஓர் இனக் குளவி. வெளியே வந்த குளவி ஒன்றிரண்டு நாளே வாழும். அதற்குள் பருவமான இன்னொரு மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். சிங்கப்பூரில் நான்கு இனக் குளவிகளைச் சோதித்ததில், இப்போதைய சூட்டுக்கு மேல் 3 டிகிரியோ அதற்கு மேலோ கூடினால் அவற்றின் ஆயுள் வெகுவாகச் சுருங்குவது தெரிந்தது. குளவி போனால் ஆலம்பழம் இல்லை. ஆலம்பழம் இல்லையென்றால் இருவாச்சிக்கும் குயிலுக்கும் பழவௌவாலுக்கும் பஞ்ச காலத்துச் சாப்பாடு இல்லை.

பொள்ளாச்சியில் தென்னைக்கு ஊடுபயிராக கோகோ வைத்திருப்பவர்களுக்கும் இதேபோல ஒரு சின்னஞ்சிறு ஈதான் காய் பிடிக்க வைக்கிறது. ஈரமான சருகிலும் அழுகிய காய் ஓட்டிலும் அது பெருகும். தோப்பைச் சுத்தமாகக் கூட்டிக் காயவிட்டால் அதற்கு இடம் இல்லாமல் போகும்.

இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் இதில் சேர்த்தியா?

கட்டாயம். மரமல்லி மாதிரி நீளக் குழாயும் வெள்ளை நிறமும் இரவு வாசனையும் உள்ள பூக்கள் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகளுக்கானவை. உலகின் பல பகுதிகளில் பகலைவிட இரவுதான் வேகமாகச் சூடாகிறது. தெருவிளக்கு வெளிச்சம் வேறு அவற்றை இழுத்துப்போட்டுக் களைக்கவைக்கிறது. வாகனப் புகையிலிருந்து உருவாகும் வாயுக்கள் பூவின் வாசனையைச் சிதைப்பதால், தொலைவிலிருந்து பூவைத் தேடி வர முடியாமல் போவதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றம்தான் காரணமா?

இல்லை. அப்படிச் சொல்வது பூச்சிமருந்தையும் ரியல் எஸ்டேட்டையும் தப்பிக்கவிடுவதாகும். அமெரிக்காவில் 2000-க்கும் 2020-க்கும் இடையில் பட்டாம்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 22 சதவீதம் குறைந்தது. வாழிட அழிவு, பூச்சிமருந்து, பருவநிலை மூன்றையும் ஆய்வாளர்கள் சேர்த்தே காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் மனிதர் கைபடாத மலைப்பகுதிகளும் அடங்கிய அமெரிக்க மேற்குப் பகுதியில் நாற்பது ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.6 சதவீதம் வீதம் குறைந்திருப்பதும், இலையுதிர்காலம் சூடாகிவருவதோடு அது ஒத்துப்போவதும் 2021-இல் தெரியவந்தது. வயலும் வீடும் இல்லாத இடத்திலும் குறைகிறது என்றால் பருவநிலையின் பங்கைத் தள்ளிவிட முடியாது.

இந்த மூன்றும் ஒன்றையொன்று பெருக்கும். குளத்தங்கரை, வரப்பு, வேலி, புறம்போக்கு என்று பச்சை தொடர்ந்து இருந்தால், ஓரிடம் காய்ந்தாலும் பூச்சி அடுத்த இடத்துக்கு நகரும். வேலியை எடுத்துச் சுவர் வைத்து, வரப்பில் களைக்கொல்லி அடித்து வைத்திருந்தால் எங்கே போகும்?

சூடு கூடுவதால் பெருகும் பூச்சிகளும் உண்டா?

உண்டு. இங்கிலாந்தில் பிரவுன் ஆர்கஸ் என்ற பட்டாம்பூச்சி உணவுச் செடியையே மாற்றிக்கொண்டு இருபது ஆண்டுகளில் சுமார் 79 கிலோமீட்டர் வடக்கே பரவியது. எதையும் தின்னும், எங்கும் வாழும் இனங்கள் தப்பித்துக்கொள்ளும். ஒரே செடியை, ஒரே மலையை நம்பியவை மாட்டிக்கொள்ளும். எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் எங்கு பார்த்தாலும் அதே நாலு இனம்தான் என்ற நிலை வரும்.

கறிவேப்பிலையில் புழு வந்தால் மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். அது பெரும்பாலும் எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகியின் புழு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலைமேலேயே உட்கார்ந்திருக்கும். பறவை ஏமாந்துவிடும். கடைசி முறை தோல் உரித்தபின் பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஒரு கொம்பை வெளியே தள்ளி ஒரு நெடியை விடும். கடிக்காது, அரிக்காது. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வர ஏறக்குறைய ஒரு மாதம், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். செடி மறுபடி துளிர்த்துவிடும். கன்று சின்னது, தாங்காது என்றால் புழுவை எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள்.

வீட்டில் என்ன நடலாம்?

பூச்செடியைவிடப் புழுவுக்கான செடிதான் முக்கியம். எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். கொன்றையில் மஞ்சளும் வெள்ளையுமான பூச்சிகள் முட்டையிடும். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் சிவப்புடல் அழகிக்கு. ஆமணக்கு, கிலுகிலுப்பை, அரளி எல்லாம் யாருக்காவது சாப்பாடு. தேனுக்கு இட்லிப்பூ, தும்பை, துளசி போதும். வெட்டுக்காயப்பூண்டு தானாக முளைக்கும், பிடுங்காமல் விட்டாலே போதும்.

இடம் இருந்தால் புங்கையும் வேம்பும் நாவலும் வையுங்கள். மற்றவை காய்ந்து நிற்கும் கோடையில் இவை பூக்கும், நிழலும் தரும். மழை தவறிய ஆண்டில் தேனீக்களைத் தாங்கிப் பிடிப்பவை இந்த மரங்கள்தான். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் மூழ்காமல் குடித்துப் போகும். வீட்டைச் சுற்றி ஒரு மூலையையாவது சிமெண்ட் பூசாமல் மண்ணாக விடுங்கள். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை மண்ணில்தான் கூடு வைக்கின்றன.

தேன்பெட்டி வைத்தால் போதாதா?

தென்னந்தோப்பிலும் சூரியகாந்தியிலும் நல்ல பலன் தரும், வையுங்கள். நம் நாட்டுப் பொந்துத்தேனீயாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒரே இனத்தை நம்புவது ஆபத்து. 1990-களின் தொடக்கத்தில் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பொந்துத்தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது. காட்டிலும் மேட்டிலும் வாழும் பல்வகைப் பூச்சிகள் இருந்தால்தான் ஒன்று தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

விவசாயி உடனே செய்யக்கூடியது எது?

பூ பூத்திருக்கும்போது மருந்தைத் தவிர்ப்பதுதான். மாவில் தத்துப்பூச்சிக்குப் பூக்காலத்தில் அடிக்கும் மருந்து, மாம்பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் ஈயையும் தேனீயையும் சேர்த்தே கொல்கிறது. தவிர்க்கவே முடியாது என்றால் பூ விரியும் முன்பு அடியுங்கள், அல்லது தேனீ கூடு திரும்பிய சாயங்காலத்தில் அடியுங்கள். வரப்பில் துவரை, எள், தட்டைப்பயறு என்று முன்னும் பின்னுமாகப் பூக்கும்படி விதைத்தால் பூச்சிகளுக்கு இடைவெளி இல்லாமல் உணவு கிடைக்கும்.

நான் பார்ப்பதை எழுதி வைத்தால் பயன் உண்டா?

நிறைய. பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் ஒரே பாதையில் வாராவாரம் நடந்து பட்டாம்பூச்சிகளை எண்ணுகிறார்கள். எந்த இனம் எத்தனை நாள் முந்தி வருகிறது என்று இன்று அடித்துச் சொல்ல முடிவது அதனால்தான். இந்தியாவில் 2020 முதல் செப்டம்பரைப் பட்டாம்பூச்சி மாதமாகக் கொண்டாடிக் கணக்கெடுக்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் போட்டால் பெயர் கண்டுபிடிக்க மற்றவர்கள் உதவுவார்கள்.

படத்தோடு சில விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், எந்தச் செடியில் இருந்தது, முட்டையிட்டதா, தேன் குடித்ததா. அதற்கு முன் கடைசியாக எப்போது மழை பெய்தது என்பதையும் குறியுங்கள். கூட்டமாகப் பறந்துபோனால் எந்தத் திசை என்று பாருங்கள், ஐந்து நிமிடத்தில் ஒரு கோட்டை எத்தனை கடக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுமே வராத நாளையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே மாதத்தில் பார்த்தால்தான் முதல் ஆண்டின் கணக்குக்குப் பொருள் வரும்.